பட்டணத்துச் சம்பிரதியின் சாட்சி

தியானப் பகுதி: அப்போஸ்தலர் 19:23-41



நாவைக் குறித்த செய்தி என்றவுடன் நம் எண்ணம் யாக்கோபு நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்திற்குச் செல்லும். பொய், புறங்கூறுதல், கோபச் சொல், வீண் வார்த்தை ஆகியவற்றைக் குறித்து நம் சபைகளில் போதிய அளவு போதிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதிகமாய்ப் போதிக்கப்படாத ஒரு பகுதி உண்டு. கிறிஸ்துவை இன்னும் அறியாத நம் அயலாரைப் பற்றி, அவர்கள் இல்லாத இடத்தில், நாம் பயன்படுத்தும் சொற்களே அவை. ஜெபக்கூட்டத்திலும் ஜெபக் கடிதத்திலும் பணித்தள அறிக்கையிலும் சாட்சி சொல்லும் மேடையிலும் அச்சொற்கள் நம் வாயிலிருந்து சரளமாய் வருகின்றன. அவற்றைப் பாவமென்று நாம் எண்ணுவதில்லை. பலவேளைகளில் பக்திவைராக்கியமென்றே எண்ணுகிறோம்.

எபேசு பட்டணத்திற்கு வாருங்கள். உலகத்தின் ஏழு அதிசயங்களுள் ஒன்றென எண்ணப்பட்ட தியானாளின் கோவில் அங்கே இருந்தது. பவுல் அப்போஸ்தலர் ஏறக்குறைய மூன்று வருஷங்கள் அப்பட்டணத்தில் ஊழியம் செய்தார். கைகளினால் செய்யப்பட்டவை தெய்வங்களல்ல என்று அவர் ஒளிவுமறைவின்றிப் போதித்தார். இதை அவருடைய எதிராளியாகிய தெமேத்திரியுவே சொல்கிறான் (வச. 26). சுவிசேஷத்தின் விளைவாக வெள்ளிச் சிற்பிகளின் வியாபாரம் குறைந்தது. பட்டணம் கொந்தளித்தது. காயுவும் அரிஸ்தர்க்கும் அரங்கசாலைக்குள் இழுத்துச் செல்லப்பட்டார்கள். இரண்டு மணி நேரம் கூட்டம் ஒரே குரலாய்க் கூச்சலிட்டது.

அப்பொழுது பட்டணத்துச் சம்பிரதி எழுந்து பேசினார். அவர் விசுவாசியல்லர். தியானாளின் பெருமையைப் பேசியே தம் பேச்சைத் தொடங்குகிறார். ஆனால் அந்த வெறிகொண்ட கூட்டத்தின் நடுவில் அவர் சொன்ன ஒரு காரியத்தைப் பரிசுத்த ஆவியானவர் நமக்காக எழுதிவைத்திருக்கிறார்: இம்மனிதர் கோவில் கொள்ளைக்காரருமல்லர், உங்கள் தேவியைத் தூஷித்தவர்களுமல்லர் (வச. 37).

இதை நிதானமாய்ச் சிந்தியுங்கள். அந்தக் கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து, "இல்லை, போன மாதம் திறன்னுவின் வித்தியாசாலையில் பவுல் நம் தேவியை இன்னின்னவிதமாய்ப் பழித்தான், நானே என் காதால் கேட்டேன்" என்று சொல்லியிருந்தால், சம்பிரதியின் வாய் அடைபட்டுப்போயிருக்கும். காயுவும் அரிஸ்தர்க்கும் உயிரோடு வெளியே வந்திருப்பார்களோ, நாம் அறியோம். ஆனால் ஒருவரும் எழவில்லை. மூன்று வருஷ ஊழியத்தில் ஒரு பழிச்சொல்லைக்கூட எடுத்துக்காட்ட எதிராளிகளால் முடியவில்லை. சத்தியம் முழுவதும் சொல்லப்பட்டது. தூஷணம் ஒன்றும் சொல்லப்படவில்லை. இவ்விரண்டும் ஒரே வாயில் இருக்கக்கூடும் என்பதற்கு எபேசு சாட்சி.

அதே அதிகாரத்தில் இன்னும் இரண்டு சிறு விவரங்களைக் கவனியுங்கள். மாயவித்தைப் புத்தகங்கள் கொளுத்தப்பட்டன. அவற்றின் மதிப்பு ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு. கொளுத்தியவர்கள் யார்? அவற்றை வைத்திருந்தவர்களே தங்கள் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்து எரித்தார்கள். பிறருடைய வீட்டுக்குள் புகுந்து ஒருவரும் எதையும் எடுக்கவில்லை. அடுத்தது, பவுல் அரங்கசாலைக்குள் போகாதபடி அவருக்கு ஆள் அனுப்பி வேண்டிக்கொண்டவர்களில் ஆசியா நாட்டுத் தலைவர் சிலர் இருந்தார்கள். அவர்கள் அவருக்குச் சிநேகிதராயிருந்தார்கள் என்று லூக்கா எழுதுகிறார் (வச. 31). அக்காலத்தில் ஆசியாவின் தலைவர்கள் என்போர் இராயனுடைய வழிபாட்டோடும் தொடர்புடைய பெரிய மனிதர். அவர்கள் பவுலுக்குச் சிநேகிதர்! தங்களை இழிவாய்ப் பேசும் மனிதனுக்கு யார் சிநேகிதராயிருப்பார்?

இனி நம் தேசத்திற்கு வருவோம். சொல்லின் வல்லமையைக் குறித்து நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பெரிய பாடம் ஒன்று மைசூர் நாட்டில் இருக்கிறது. மைசூர் நகரத்திலிருந்து பெங்களூர் செல்லும் சாலையில் சுமார் பதினைந்து கிலோமீட்டரில் ஸ்ரீரங்கப்பட்டணம். அதை அடுத்த கஞ்சாம் என்னும் பகுதியில் ஒரு பழைய ஆலயம் உண்டு. இன்றும் அது அபே துபுவாவின் பெயரால் அழைக்கப்படுகிறது.

அபே துபுவா பிரான்சு தேசத்தவர்; ரோமன் கத்தோலிக்கக் குருவானவர். 1792ல் இந்தியாவுக்கு வந்து, முதலில் தென்னாட்டின் தமிழ்ப் பகுதிகளில் ஊழியம் செய்தார். 1799ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின், திப்பு சுல்தான் காலத்தில் பலவந்தமாய் மதம் மாற்றப்பட்டுச் சிதறிப்போயிருந்த கிறிஸ்தவர்களைத் திரும்பக் கூட்டிச் சேர்க்கும் பொருட்டு மைசூர் நாட்டுக்கு அழைக்கப்பட்டார். இந்திய உடை தரித்தார், தலைப்பாகை கட்டினார், இந்நாட்டு மக்களைப்போலவே உண்டு உறங்கினார். ஹாசன் அருகே சத்தஹள்ளியில் ஏழை விசுவாசிகளுக்காக விவசாயக் குடியிருப்பு அமைத்தார். பெரியம்மைக்கு எதிராக அம்மை குத்தும் முறை புதிதாய் வந்த நாட்களில், 1803-04 காலத்தில், இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு அம்மை குத்த ஏற்பாடு செய்தார். மைசூர் மக்கள் அவரை "தொட்ட ஸ்வாமியவரு", அதாவது பெரிய சுவாமி, என்று அழைத்தார்கள். முப்பத்தொரு வருஷங்கள் இத்தேசத்தில் உழைத்த மனிதர் அவர். அவருடைய உழைப்பைக் குறைவாய்ப் பேச நமக்குத் தகுதியில்லை.

அவர் இந்துக்களின் பழக்கவழக்கங்களைக் குறித்துப் பிரெஞ்சு மொழியில் ஒரு பெரிய நூல் எழுதினார். மைசூரில் ரெசிடெண்டாயிருந்த மார்க் வில்க்ஸ் அதைப் பாராட்டி மேலிடத்திற்கு அனுப்பிவைத்தார். 1807ல் கிழக்கிந்தியக் கம்பெனி அக்கையெழுத்துப் பிரதியை 2,000 வராகனுக்கு வாங்கிற்று. ஆண்டுகள் சென்றன. 1815ஆம் ஆண்டு அந்நூலை அவர் மறுபடியும் பார்வையிட்டார். அநேக இடங்களில் திருத்தினார், சேர்த்தார், நீக்கினார். ஆனால் திருத்தம் பிந்திப்போயிற்று. 1816ல் இலண்டனில் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு பழைய, திருத்தப்படாத பிரதியிலிருந்தே அச்சாயிற்று. தமிழர் அனைவரும் அறிந்த ஜி. யு. போப் ஐயர் 1862ல் சென்னையில் வெளியிட்ட பதிப்பும் அந்த ஆங்கில நூலைத் தழுவியதே. துபுவா இறுதியாய்த் திருத்திய பிரதியிலிருந்து முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது 1897ல். அப்பொழுது அவர் மரித்து நாற்பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. (அந்நூலின் பெரும்பகுதி அவருக்கு முன்னிருந்த கூர்து என்னும் இயேசு சபைக் குருவின் எழுத்துக்களிலிருந்து வந்தது என்று பிற்கால ஆய்வாளர் காட்டியிருக்கிறார்கள். அது வேறொரு செய்திக்கு உரியது.)

எழுதியவரே தம் சொல்லை மாற்ற விரும்பினார். மாற்றியும் எழுதினார். ஆனாலும் முந்தின சொல் எண்பத்தொரு வருஷம் அவருடைய பெயரால் உலகத்தில் நடமாடிற்று. அக்காலத்தில் கப்பல் தாமதமானதால் அப்படி நேர்ந்தது. இக்காலத்தில் கைபேசியில் அனுப்பிய செய்தியை ஒரு நிமிடத்தில் அழித்துவிடலாம் என்று நினைக்கிறோம். அந்த ஒரு நிமிடத்திற்குள் அது எத்தனை குழுக்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது என்பதையும் அறிந்திருக்கிறோம்.

இதிலும் துக்கமானது அவர் எழுதிய மற்றொரு நூல். 1823ல் அவர் தாயகம் திரும்பினார். அதே ஆண்டில் இந்தியாவில் கிறிஸ்தவத்தின் நிலை குறித்த அவருடைய கடிதங்கள் இலண்டனில் வெளியாயின. இந்துக்களைக் கிறிஸ்துவண்டை கொண்டுவருவது மனுஷரால் ஆகாத காரியம் என்பது அவற்றின் முடிவு. அக்காலத்தில் வெளிவந்த வேதாகம மொழிபெயர்ப்புகளின் நடையையும் அவர் கடுமையாய்க் கண்டித்தார். கற்றறிந்த இந்துக்கள் அந்நடையைக் கண்டு இகழ்வார்கள் என்றார். இதில் நியாயம் இல்லாமலில்லை. தேவனை எந்தச் சொல்லால் அழைப்பது என்பதற்கே நம் தமிழ் வேதாகமத்தின் பிதாக்கள் எவ்வளவு பாடுபட்டார்கள்! சீகன்பால்கு ஐயர் சர்வேசுரன் என்றார், பப்ரிசியுஸ் ஐயர் பராபரன் என்றார், பின்வந்தவர்கள் தேவன் என்றார்கள். ஒரு சொல்லுக்கு நூற்றைம்பது ஆண்டுகள்.

வேதத்தின் நடை உயர்ந்ததாயிருக்க வேண்டும் என்று அத்தனை அக்கறை கொண்ட அதே மனிதர், தம்முடைய சொந்த மந்தையைப் பற்றி அதே கடிதங்களில் என்ன எழுதினார்? இருபத்தைந்து ஆண்டுகளில் தாம் சேர்த்தவர்கள் இருநூறு முந்நூறு பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பறையரும் பிச்சைக்காரரும், மற்றவர்கள் கதியற்ற நாடோடிகளும் ஜாதியிலிருந்து தள்ளுண்டவர்களும், விவாகத்திற்காகவோ வேறு ஆதாயத்திற்காகவோ வந்தவர்கள் என்ற கருத்தில் எழுதினார். உண்மையான விசுவாசிகளை விரல்விட்டு எண்ணுவதும் அரிது என்பதுபோல் எழுதினார்.

பிரியமானவர்களே, அந்த இருநூறு முந்நூறு பேரை நினைத்துப் பாருங்கள். அவர்கள் தங்கள் பெரிய சுவாமியை வழியனுப்பினார்கள். அவர் திரும்ப வரவேயில்லை. பாரீசில் ஊழியக் குருக்களைப் பயிற்றுவிக்கும் பள்ளியில் பணியாற்றி, 1848ல் மரித்தார். இலண்டனில் ஆங்கிலத்தில் அச்சான நூலை அந்த ஏழைகள் வாசித்திருக்க முடியாது. அவர்களுக்கு முன்பாக நின்று, அவர்களுடைய சொந்த மொழியில், அவர்கள் முகத்தைப் பார்த்து, அவர் அவ்வார்த்தைகளைச் சொல்லியிருப்பாரா? சொல்லியிருக்கமாட்டார் என்றே நான் நம்புகிறேன். அவர் கொடியவர் அல்லர். அவர்களுக்குத் தெரியாத மொழி என்பதே அவருடைய பேனாவுக்குத் தைரியம் கொடுத்தது.

அக்கடிதங்களுக்கு மறுப்பு எழுதினவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ஹஃப் ஐயர். பாளையங்கோட்டையில் சேனையின் குருவாயிருந்து திருநெல்வேலி சபைக்கு அஸ்திபாரமிட்டவர்களில் ஒருவர் என்று நம்மில் பலர் அவரை அறிவோம். 1824ல் அவருடைய மறுப்பு நூல் வெளிவந்தது. திருநெல்வேலியில் தாம் கண்ணாரக் கண்ட விசுவாசிகளை அவர் அறிந்திருந்தார். துபுவாவின் தீர்ப்புக்குப் பின்வந்த நூறு ஆண்டுகளில் தென்னாட்டில் கர்த்தர் செய்தவற்றை நான் இங்கு விவரிக்க வேண்டியதில்லை.

இப்பொழுது நம்மைப் பார்ப்போம். மிஷனெரி தாகமுள்ள நம்முடைய ஜெபக்குறிப்புகளை எடுத்துப் பாருங்கள். நம் பாட்டன்மார் "அஞ்ஞானிகள்" என்று எழுதினார்கள். தேவாரமும் திருக்குறளும் மனப்பாடமாய் அறிந்த அடுத்த வீட்டுக்காரரையும் அச்சொல்லாலேயே குறித்தார்கள். இன்று அச்சொல் வழக்கொழிந்தது. ஆனால் வேறு சொற்கள் வந்தன. ஒரு கிராமத்தைக் "கைப்பற்றுவோம்" என்கிறோம்; ஒரு மாவட்டத்தைச் "சாத்தானின் கோட்டை" என்கிறோம்; ஒரு மாநிலத்தை "இருண்ட தேசம்" என்கிறோம்; மனுஷரை "இலக்கு" என்கிறோம். எபேசியர் 6ன்படி நம் போராட்டம் மாம்சத்தோடும் இரத்தத்தோடும் அல்ல என்பதை நாம் அறிவோம். ஆனால் நம் எழுத்தை வாசிக்கும் அக்கிராமத்து வாலிபனுக்கு எபேசியர் நிருபம் தெரியாது. தன் ஊரின் பெயரும், அதைக் கைப்பற்றப் போகிறோம் என்ற சொல்லும் மாத்திரமே அவன் கண்ணில் படும்.

இது கற்பனையன்று. மத்தியப் பிரதேச அரசு 1954ல் நியமித்த நியோகி குழு 1956ல் தன் அறிக்கையை வெளியிட்டபோது, அதில் மிஷனெரிப் பத்திரிகைகளிலிருந்தும் நூல்களிலிருந்தும் வாக்கியங்கள் எடுத்துக்காட்டப்பட்டிருந்தன. அக்குழுவின் முடிவுகளை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் கையிலெடுத்த சொற்கள் நம்முடையவை. 1999ல் அமெரிக்காவின் தென் பாப்திஸ்து சபையார் தீபாவளிக் காலத்தில் இந்துக்களுக்காக ஜெபிக்கும்படி ஒரு கையேடு வெளியிட்டபோது, அதில் இருந்த இருளைப்பற்றிய வர்ணனைகள் உலகெங்கும் இந்துக்களின் மனதைப் புண்படுத்தின. ஜெபிக்க அழைத்த ஏடே ஜெபிக்கப்பட்டவர்களுக்கு நிந்தையாயிற்று! அடுத்த ஆண்டு, 2000 ஜூன் மாதத்தில், கலிபோர்னியாவின் பசதேனாவில் மிஷனெரித் தலைவர்கள் கூடி, ஊழியத்தில் யுத்தச் சொற்களைப் பயன்படுத்துவதைக் குறித்து ஆலோசித்தார்கள். அவற்றை விட்டுவிட்டு ஆசீர்வாதம், விதைப்பு, சிநேகம் போன்ற வேதத்தின் மற்ற சொற்களை எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார்கள். அந்த ஆலோசனை நம் தமிழ்ச் சபைகளை எட்டியதற்கு அதிக அடையாளமில்லை.

2008 செப்டம்பரில் மங்களூரிலும் கர்நாடகத்தின் வேறு இடங்களிலும் ஆலயங்களும் ஜெபவீடுகளும் தாக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. தாக்கியவர்கள் தங்கள் செயலுக்குச் சொன்ன காரணங்களுள் ஒன்று, இந்து தெய்வங்களை இழிவாய்ப் பேசுவதாக அவர்கள் குற்றம் சாட்டிய ஒரு கன்னட நூல். எந்த நூலும் அந்த வன்முறைக்கு நியாயமாகாது; ஜெபித்துக்கொண்டிருந்த கன்னியாஸ்திரீகளையும் விசுவாசிகளையும் அடித்ததற்கு எந்தச் சொல்லும் காரணமாகாது. இதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும், அந்நாட்களில் ஒரு சம்பிரதி எழுந்து, "இவர்கள் நம் தெய்வங்களைத் தூஷித்தவர்களல்லர்" என்று தைரியமாய்ச் சொல்லக்கூடிய நிலையை நாம் அனைவரும் அவருக்கு வைத்திருந்தோமா என்ற கேள்வி எனக்குள் எழாமலில்லை.

மைசூரில் அத்தகைய சம்பிரதிகள் இல்லாமற்போகவில்லை. வானளாவ நிற்கும் புனித பிலோமினா ஆலயத்திற்கு 1933ல் அஸ்திபாரக் கல் நாட்டியவர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார். அவர் தம் மதத்தில் ஆழ்ந்த பக்தியுடையவர். வெஸ்லியன் மிஷன் பெண்களுக்காக 1906ல் தொடங்கிய மருத்துவமனையை மைசூர் மக்கள் "மிஷன் ஆஸ்பத்திரி" என்றே அழைத்துவந்தார்கள். மிஷன் என்ற சொல் அங்கே பிரசவ அறையில் பிழைத்த தாய்க்கும் பிள்ளைக்கும் அடையாளம். ஒரு சொல்லின் பொருளை அகராதி மாத்திரம் தீர்மானிப்பதில்லை, அச்சொல்லின் பெயரால் நடந்தவையும் தீர்மானிக்கின்றன.

தமிழராகிய நமக்கு இன்னுமொரு சோதனை உண்டு, ஆங்கிலேயருக்கு இல்லாதது. நம் மொழியில் வினைச்சொல்லின் கடைசி எழுத்தே மரியாதையையோ அவமரியாதையையோ சுமக்கிறது. சாட்சி கூட்டங்களைக் கவனித்துக் கேளுங்கள். "போதகர் வந்தார், ஜெபித்தார்" என்போம். அடுத்த வாக்கியத்தில் "பூசாரி வந்தான், எதிர்த்தான்" என்போம். "மிஷனெரி அம்மா சொன்னார்கள்" என்போம். "அந்தச் சாமியாடிப் பொம்பளை சொன்னாள்" என்போம். பரிசுத்த வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் ஆபிரகாமுக்கும் பவுலுக்கும்கூட "அவன்" என்றே வருகிறது. ஆகவே அங்கே வேற்றுமை பாராட்டுதல் இல்லை. நம் பேச்சில் உண்டு. ஒரே எழுத்தில் நாம் ஒருவரை மனுஷராகவும் மற்றவரை அதற்குக் குறைந்தவராகவும் ஆக்கிவிடுகிறோம். தேவனைத் துதிக்கிற நாவினாலே தேவசாயலாய் உண்டாக்கப்பட்ட மனுஷரைச் சபிப்பதைப் பற்றி யாக்கோபு எழுதினபோது (3:9,10), அந்தச் சாயல் விசுவாசிகளுக்கு மாத்திரம் உண்டென்று எழுதவில்லை.

சிலர் கேட்கக்கூடும்: எலியா பாகாலின் தீர்க்கதரிசிகளைப் பரியாசம் பண்ணவில்லையா? ஆண்டவர் பரிசேயரை விரியன் பாம்புக் குட்டிகள் என்று சொல்லவில்லையா? ஆம். ஆனால் யாரிடத்தில், எங்கே நின்று சொன்னார்கள் என்று பாருங்கள். உடன்படிக்கையை அறிந்திருந்தும் விட்டுவிலகின சொந்த ஜனத்தின் நடுவில், அவர்களுடைய தலைவர்களின் முகத்துக்கு நேரே சொன்னார்கள். புறம்பே இருந்தவர்களிடத்தில் ஆண்டவர் எப்படிப் பேசினார்? சமாரிய ஸ்திரீயின் வாழ்க்கையை அவர் மறைக்கவில்லை. ஐந்து புருஷரைப் பற்றியும் பேசினார். ஆனால் கிணற்றண்டையில், அவளோடு தனியே, தண்ணீர் கேட்டு, உட்கார்ந்து பேசினார். சீஷர்கள் திரும்பி வந்தபின்பு அவளுடைய கதையை அவர்களுக்கு அவர் சொன்னதாக யோவான் எழுதவில்லை. அவளே ஊருக்குள் போய்த் தன்னைப்பற்றிச் சொன்னாள். நாமோ பலவேளைகளில் இதற்கு மாறாகச் செய்கிறோம்: ஊருக்குள் அவளிடம் மெளனமாயிருந்து, சீஷர்கள் கூட்டத்தில் அவளுடைய ஐந்து புருஷரையும் பெயர் ஊரோடு அறிக்கையிடுகிறோம்.

புதிதாய் விசுவாசத்திற்குள் வந்தவர்களின் சாட்சியை எழுதும் மிஷனெரிகளுக்கு இதை விசேஷமாய்ச் சொல்லுகிறேன். குடிகாரனாயிருந்தான், அடிமையாயிருந்தான், பிசாசு பிடித்திருந்தது என்று எழுதி, புகைப்படமும் சேர்த்துத் தாங்குவோருக்கு அனுப்புகிறோம். பீகாரில் இருக்கும் அச்சகோதரருக்குத் தமிழ் தெரியாது என்பது நம் எண்ணம். துபுவாவும் அப்படியே எண்ணினார். ஆனால் அவருடைய மகன் இன்று நம் பத்திரிகையின் பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்து, ஒரு விநாடியில் தன் மொழியில் வாசித்துவிடுவான். தன் தகப்பனை நாம் எப்படி வர்ணித்தோம் என்று அறிந்துகொள்வான். அப்பொழுது அவன் நம் சபையில் நிலைத்திருப்பானா?

ஆகவே ஒரு வேண்டுகோள். ஜெபக் கடிதத்தை அனுப்புமுன், அதில் பெயர் குறிப்பிடப்பட்ட மனிதர் நம் அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதாக எண்ணி, சத்தமாய் வாசியுங்கள். வாசிக்கும்போது எந்த இடத்தில் நம் குரல் தாழ்கிறதோ, அந்த வரியை மாற்றி எழுதுங்கள். கூடுமானால் அவரிடத்திலேயே வாசித்துக் காட்டி அனுமதி பெறுங்கள். காணிக்கை சற்றுக் குறையக்கூடும். மனதை உருக்கும் வர்ணனை இல்லாத கடிதத்திற்குப் பணம் குறைவாக வருவதுண்டு. அந்த நஷ்டத்தைக் கர்த்தருக்காக ஏற்றுக்கொள்ளலாம். உப்பால் சாரமேறின வசனத்தைப் பற்றிப் பவுல் கொலோசெயருக்கு எழுதினாரே (4:5,6), அதற்கு முந்தின வாக்கியம் புறம்பேயிருக்கிறவர்களிடம் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றியது என்பதையும் அப்பொழுது வேதத்தைத் திறந்து பாருங்கள்.

எபேசுவின் சம்பிரதி பின்னாளில் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார் என்று லூக்கா எழுதவில்லை. அவருடைய பெயரையும் எழுதவில்லை. அவர் கூட்டத்தைக் கலைத்து அனுப்பினார் என்பதோடு அதிகாரம் முடிகிறது. அடுத்த வசனத்தில் பவுல், காயம் ஒன்றுமின்றி, சீஷரைத் தம்மிடத்தில் அழைத்து, அவர்களிடம் விடைபெற்று, மக்கெதோனியாவுக்குப் புறப்படுகிறார்.